ரோஸி தேறிவிட்டாள், நான் இன்னும் தேறவில்லை

அன்புள்ள மேடம்,

எங்கள் வீட்டு நாய் ரோஸிக்கு எட்டு வயது. என் மகள் நடை பழகியதே அவள் முதுகைப் பிடித்துக்கொண்டுதான்.

சில வாரங்களுக்கு முன்னால் ரோஸி சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்து போக ஆரம்பித்தாள். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாள். ஏதோ வயிற்றுக் கோளாறு, ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். ஸ்கேன் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பை முழுக்கச் சீழ். இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும், நாளைக்குன்னு தள்ளிப்போட முடியாது" என்றார். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "சின்ன வயசிலேயே கருத்தடை பண்ணியிருந்தா இது வந்தே இருக்காது."

உள்ளே கூட்டிப்போகும்போது ரோஸி நகர மறுத்தாள். நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டாள். டைல்ஸ் தரையில் நகம் கீறும் சத்தம் கேட்டது. நான்தான் பின்னாலிருந்து தள்ளிவிட்டேன். கழுத்துப் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையலும் பிரித்தாயிற்று. காலிங் பெல் அடித்தால் பழையபடி முதல் ஆளாக ஓடுகிறாள். எனக்குத்தான் முடியவில்லை. இரவில் திடுக்கென்று விழித்து அவள் மூக்கருகே உள்ளங்கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். அலுவலகத்தில் யாராவது நாற்காலியை இழுத்தால் அந்த நகச் சத்தம் கேட்கிறது. வீட்டுக்கு வந்த புதிதில், தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டியிருந்த நாட்களில், சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. நான் பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள், இல்லையா?

"ஆபரேஷன் முடிஞ்சு நாய் ஓடிட்டிருக்கு. நீதான் இன்னும் ஆஸ்பத்திரியிலேயே இருக்க" என்கிறார் என் கணவர். "மனுஷங்களுக்கே இவ்வளவு பார்க்கிறதில்லை" என்பது மாமியாரின் வார்த்தை. இப்போது என் மகளும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ரோஸியின் வயிற்றைப் பார்க்கிறாள். அடுத்து தடுப்பூசிக்குப் போக வேண்டும். நீங்களே கூட்டிப் போங்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அந்த வாசலை என்னால் மிதிக்க முடியாது.

ஒரு நாய்க்காக ஒருத்தி இப்படி ஆவது சரியா? எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். 2015-ல் ஜப்பானில் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டபோது இரு தரப்பிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடியது. தாய்க்கும் சேய்க்கும் உள்ள ஒட்டுதலில் பங்கு வகிக்கும் அதே ஹார்மோன்தான். எட்டு வருடமாக உங்கள் காலடியில் கிடந்த ஜீவனுக்காக நீங்கள் கலங்குவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

என்ன ஆகிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரண வயிற்று வலி என்று நினைத்துப் போன இடத்தில், கொஞ்ச நேரத்துக்குள் உயிருக்கு ஆபத்து என்று கேட்டு, முடிவெடுத்து, கையெழுத்துப் போட்டு, அவளைத் தள்ளி அனுப்பி, வெறும் பட்டையோடு வெளியே நின்றிருக்கிறீர்கள். இதில் பயப்படுவதற்கு உங்களுக்கு நேரம் எங்கே இருந்தது? காரியம் ஆக வேண்டும் என்பதால் அந்த வேளையில் உடம்பு பயத்தை ஓரமாக வைத்துவிடும். ஆபத்து நீங்கியதும் அதை வெளியே எடுக்கும். எல்லாம் சரியான பிறகு ஏன் இப்படி என்று உங்கள் கணவர் குழம்புகிறார். சரியான பிறகுதான் இது வரும். நாற்காலி இழுபடும்போது நகச் சத்தம் கேட்பதும், தூக்கத்தில் திடுக்கிடுவதும் இப்படி ஓர் அதிர்ச்சிக்குப் பின் முதல் சில வாரங்களில் பலருக்கும் இருக்கும். பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலும் அதே வேகத்தில் தொடர்ந்தாலோ, வேலையும் தூக்கமும் கெட்டாலோ, கடிதத்தோடு நிறுத்தாமல் ஒரு மனநல நிபுணரை நேரில் பாருங்கள்.

அடுத்தது, கை கழுவிக்கொண்டே சொல்லப்பட்ட அந்த வாக்கியம். மருத்துவத் தகவலாக அது சரிதான். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு, அதுவும் நடுவயதைத் தாண்டியவற்றுக்கு, இணை தேடும் பருவம் (ஹீட்) வந்து போன சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நோய். ஆனால் அதைச் சொன்ன நேரம் இருக்கிறதே! கத்தி வைக்கப்போகும் வேளையில் அந்தத் தகவலால் ரோஸிக்கும் பயனில்லை, உங்களுக்கும் பயனில்லை. அதை நீங்கள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். முடிவு தெரிந்த பிறகு, "இது முன்னமே தெரிந்திருக்க வேண்டியதுதானே" என்று நமக்குத் தோன்றும். 1975-ல் பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதனை செய்து காட்டினார். ஒரு சம்பவத்தின் முடிவைச் சொல்லிவிட்டால், அந்த முடிவு முதலிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்ததுபோல் மனிதர்கள் நினைக்கிறார்கள். முடிவைத் தெரிந்துகொண்டதால்தான் அப்படித் தோன்றுகிறது என்பது அவர்களுக்குப் புலப்படுவதில்லை. ரோஸி அதிகமாகத் தண்ணீர் குடித்ததும் சாப்பாட்டை ஒதுக்கியதும் இன்று உங்களுக்கு அபாய மணியாகக் கேட்கும். அன்று அவை தண்ணீரும் சாப்பாடும் மட்டுமே. அந்த அறிகுறிகளைப் பார்த்துத்தான் நீங்கள் அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனீர்கள். பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

சுவரைப் பார்த்துப் படுத்த விஷயத்துக்கு வருகிறேன். உங்களை உண்மையில் குத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். கடிதத்தில் "இல்லையா?" என்று என்னை நேராகக் கேட்ட இடம் இது ஒன்றுதான். மயக்க மருந்தின் மிச்சம், வலி மருந்தின் கிறக்கம், வயிற்றில் தையல். இத்தனைக்கும் மேல் கழுத்தில் ஒரு கூம்பு. அது பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், சத்தம் வரும் திசையைக் குழப்பும், கதவிலும் கட்டிலிலும் இடித்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட நாய் அசையாமல் ஒரு மூலையில் கிடக்கத்தான் பார்க்கும். அந்த இடத்தின் வாசனையும் வழுக்கும் தரையும் அவளுக்குப் பயமாகப் பதிந்திருக்கலாம், அது வேறு விஷயம். ஆனால் "இவள் என்னைப் பிடித்துக் கொடுத்தாள்" என்று ஒரு வழக்கைக் கட்டிக்கொண்டு கோபித்துக்கொள்வது மனிதர்களுக்கே உரிய வேலை. காலிங் பெல்லுக்கு முதல் ஆளாக ஓடுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வீட்டுக்கு வரும்போது வால் என்ன செய்கிறது? அதை எழுதவில்லை. கவனியுங்கள்.

அப்புறம், அந்த உள்ளங்கைச் சோதனை. மூச்சு வருகிறது என்று தெரிந்ததும் உங்களுக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் சிக்கல். பார்த்ததால்தான் பிழைத்தாள் என்று மனம் கணக்கு வைத்துக்கொண்டு அடுத்த இரவும் உங்களை எழுப்பும். ஆறுவதற்காகச் சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற மாதிரி. அதனால் பார்ப்பதை ஒரே நாளில் விடாதீர்கள், நேரம் குறித்துக்கொள்ளுங்கள். படுக்கப்போகும் முன் ஒரு தரம் அவள் பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட்டாளா, சிறுநீர் கழித்தாளா, தழும்பு காய்ந்திருக்கிறதா, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். நடு இரவில் விழிப்பு வந்தால் தாளைப் பாருங்கள், நாயைத் தொடாதீர்கள். முதல் சில இரவுகள் கஷ்டமாகத்தான் இருக்கும், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். தூங்கும் நாயை நடுராத்திரியில் எழுப்புவதும் அவளுக்கு நல்லதில்லை.

அதே நோய் திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் உள்ளே இருக்கலாம். இந்த நோய்க்கான அறுவை சிகிச்சையில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிடுவார்கள். மறுபடி வருவது மிக அரிது. ரோஸிக்கும் அப்படித்தான் செய்தார்களா என்பதை உங்கள் மருத்துவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என்னென்ன அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும் என்பதையும் கேட்டு, அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதில் இல்லாத எதற்காகவும் இரவில் எழ வேண்டியதில்லை. கூடவே ஒன்று: அவளுக்கு வலிக்கிறது என்று தோன்றினால் வீட்டில் நமக்காக வைத்திருக்கும் பாராசிட்டமால், இபுப்ரூஃபன் போன்றவற்றைக் கொடுத்துவிடாதீர்கள். அவை நாய்களுக்கு விஷமாகும்.

உங்கள் மகள் வயிற்றைப் பார்க்கிறாள் என்றால், அம்மா பயப்படுகிற விஷயம் ஏதோ பாக்கி இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். "ஒண்ணுமில்லை" என்று சொல்லாதீர்கள், அவள் நம்ப மாட்டாள். ரோஸியின் வயிற்றில் சீழ் இருந்தது, எடுத்துவிட்டார்கள், அன்றைக்கு அம்மா ரொம்பப் பயந்துவிட்டேன், அந்தப் பயம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இவ்வளவு போதும். அந்தத் தாளில் எழுதும் வேலையை அவளுக்குக் கொடுத்தாலும் நல்லது.

உங்கள் கணவரோடு எனக்குச் சண்டையில்லை. அவர் சொன்னது குத்தலாக இருந்தாலும் சரியான கணிப்பு. "ஆமாம், அங்கேதான் இருக்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று முழுசாக ஒரு தரம் கேட்கிறீர்களா?" என்று அவரிடம் கேளுங்கள். அறிவுரை சொல்லாமல் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தடுப்பூசிக்கு நீங்களே போங்கள். ஆனால் அன்றைக்கே முதல் தடவையாகப் போகாதீர்கள். அதற்கு முன் ஒருநாள், கூட்டமில்லாத நேரமா என்று போனில் கேட்டுக்கொண்டு, ரோஸியைக் கூட்டிக்கொண்டு சும்மா போய் வாருங்கள். எடை பார்க்க வந்தோம் என்று சொன்னால் போதும். ஊசி இல்லை, மேஜை இல்லை, அவளுக்குப் பிடித்த தின்பண்டம் மட்டும் இருக்கட்டும். இந்தமுறை பின்னாலிருந்து தள்ளாதீர்கள். அவள் வாசலில் நின்றுவிட்டால் நீங்களும் நில்லுங்கள். உள்ளே வர மறுத்தால் திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போகலாம். தடுப்பூசிக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்றால் மருத்துவரே நாளைத் தள்ளித் தருவார். அவரிடம் பேசும்போது, கருத்தடை பற்றி அன்று சொன்னது உங்களை எப்படித் தாக்கியது என்பதையும் சொல்லிவிடுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அந்த அறையில் அழும் முதல் ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.