முட்டைக்குள் கத்தும் குஞ்சை எப்போது உரித்து எடுக்கலாம்?

கேள்வி: வியாசர்பாடியில் மொட்டை மாடியில் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். அடை வைத்ததில் ஐந்து குஞ்சுகள் பொரிந்தன. ஒரு முட்டையில் மட்டும் காலையில் ஓட்டை விழுந்தது. சாயங்காலம் வரை குஞ்சு உள்ளேயே கத்திக்கொண்டிருந்தது. மாமியார் சொன்னாரென்று உரித்தேன். ரத்தம் வந்து செத்துவிட்டது. பொரிந்ததில் இன்னொன்று இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் மாமியார் இரக்கப்பட்டுத்தான் சொல்லியிருக்கிறார், அவர்மேல் வருத்தம் வேண்டாம். அவசரம்தான் கெடுத்துவிட்டது. ஓட்டுக்கு அடியில் இருக்கும் ஜவ்வில் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. மூக்கால் மூச்சு விடப் பழகும் வரை குஞ்சுக்குக் காற்று கிடைப்பது அந்த வழியாகத்தான். ஓட்டை போட்டுவிட்டு அது சும்மா கிடக்கும் நேரத்தில் அந்த ரத்தம் உடம்புக்குள் போய்ச் சேர்கிறது. மிச்ச மஞ்சள் கருவும் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போகிறது. இதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கத்துகிறதென்றால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

24 மணி நேரம் தாண்டியும் ஓட்டை பெரிதாகவில்லை, அல்லது ஜவ்வு காய்ந்து காகிதம் மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டது என்றால் மட்டும் கை வையுங்கள். தாய்க்கோழி பொரிந்த குஞ்சுகளோடு இறங்கிப் போய், முட்டை ஆறிக் கிடந்தாலும் இப்படி ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஜவ்வின்மேல் ஒற்றுங்கள். மூக்கு ஓட்டையில் தண்ணீர் இறங்கக் கூடாது. பிறகு குஞ்சு போட்ட ஓட்டையைச் சுற்றி நகக்கண் அளவு முட்டை ஓட்டைப் பெயர்த்து, ஈர ஜவ்வை வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்புக் கோடு தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு முட்டையைக் கோழிக்கு அடியிலேயே வையுங்கள். சில மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். கோடு இல்லையென்றால் தலையை மட்டும் விடுவியுங்கள். மீதியை அதுவே உதைத்துக்கொண்டு வரட்டும். தொப்புளில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கவே கூடாது. இத்தனை செய்தும் சில குஞ்சுகள் பிழைக்காது. உள்ளேயே ஊனமாக வளர்ந்ததை யாராலும் காப்பாற்ற முடியாது.

கால் அகட்டும் குஞ்சுக்கு இன்றே வைத்தியம் பாருங்கள், நாளாக நாளாக எலும்பு அப்படியே இறுகிவிடும். பெட்டியில் செய்தித்தாள் விரித்திருக்கிறீர்களா? அதில் வழுக்கித்தான் பல குஞ்சுகளுக்குக் கால் அகண்டுவிடுகிறது. அதை எடுத்துவிட்டுப் பழைய துண்டோ சாக்கோ போடுங்கள். பிளாஸ்திரியை மெல்லிசாக வெட்டி இரண்டு காலிலும் விலங்கு மாதிரி சுற்றுங்கள். நடுவில், குஞ்சு இயல்பாக நிற்கும் அகலத்துக்கு இடைவெளி இருக்கட்டும். இறுக்கினால் பாதம் வீங்கும், அடிக்கடி பாருங்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் நிற்கும்.

அதுவரை அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் 60 வாட் குண்டு பல்பு போதும். முதல் வாரம் குஞ்சு இருக்கும் இடத்தில் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சு பல்புக்கு அடியிலேயே ஒடுங்கினால் குளிர்கிறது. தள்ளிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வையுங்கள். ராத்திரி பெட்டியின்மேல் கம்பி வலை கட்டாயம், நம் பக்கத்துப் பெருச்சாளி ஒரே இரவில் எல்லாவற்றையும் தூக்கிவிடும்.

வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே இரண்டு நாள் தாங்கும். வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். மூடியில் தண்ணீர் ஊற்றி அலகு நுனியை மட்டும் தொட்டுக் காட்டுங்கள். அப்புறம் குஞ்சுத் தீவனம் தூவுங்கள், வெறும் நொய் மட்டும் போட்டால் சத்து பத்தாது. ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள், பிய்க்காதீர்கள்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வராமலிருக்கக் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், எல்லாக் குஞ்சுகளுக்கும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், அங்கே விசாரியுங்கள். குஞ்சு நடக்க ஆரம்பித்ததும், இருட்டிய பிறகு தாய்க்கோழியின் இறக்கைக்கு அடியில் விட்டுப் பாருங்கள். காலையில் அது கொத்தினால் மறுபடி பெட்டிக்கே கொண்டுவந்து, துணைக்கு இன்னொரு குஞ்சையும் சேர்த்து வையுங்கள்.