பெண்டு நிமிர்த்துவதற்கு இங்கிலீஷில் என்ன பேர்?

கே: பட்டாளத்தில் சேரப்போகிறேன் என்று என் பையன் தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஸ்கூல் பையில் 10 கிலோ ரேஷன் அரிசியைப் போட்டுக்கொண்டு ஏற்காடு அடிவாரத்திலிருந்து மலை ஏறுகிறான். கேட்டால் "டேப் போயிட்டு வந்தேம்மா, செம பீஸ்டிங்" என்கிறான். பிரிட்டிஷ் ராணுவ வீடியோ பார்த்துக் கற்றதாம். பீஸ்ட் என்றால் மிருகம்தானே? இது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

ப: மிருகம்தான். அதை அவர்கள் வினைச்சொல்லாக்கிவிட்டார்கள். ஒருவனை 'பீஸ்ட்' பண்ணுவது என்றால் நம் பாஷையில் பெண்டு நிமிர்த்துவது. லீவில் வரும் நம்மூர் ராணுவப் பையன்களைக் கேளுங்கள், 'ரகடா' என்பார்கள். ஷூ பளபளக்கவில்லை என்று தரையில் உருளவிட்டு, எழுந்ததும் ஓடவிட்டு, மறுபடி உருளவிடுவார்களே, அதே சரக்கு.

டேப் வேறு. அது முறையான பயிற்சி: முதுகில் பாரத்தோடு வேகநடை, இறக்கத்திலும் சமதளத்திலும் ஓட்டம். பிரிட்டிஷ் பாராசூட் படைக்கான தேர்வில் 16 கிலோ பை, அதற்குமேல் தண்ணீர், துப்பாக்கி எல்லாம் சுமந்து 10 மைலை 1 மணி 50 நிமிடத்தில் முடிக்க வேண்டும். இதையே கடற்படையைச் சேர்ந்த ராயல் மரீன்கள் 'யாம்ப்' என்பார்கள். 1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போர்ச் செய்திகளில் அடிபட்டுத்தான் அந்தச் சொல் ஊருக்கெல்லாம் தெரிந்தது. மரீன் ஒருவரிடம் போய் டேப் என்று சொன்னால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார், அப்படி ஒரு வீம்பு!

உங்கள் பையன் போவது டேப், சரி. பீஸ்டிங்குக்கு மேலே நின்று கத்த ஒரு ஆள் வேண்டும். நிறுத்துவது நம் கையில் இருக்காது. ஜிம்மில் அந்த வார்த்தையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள், ஆனால் 2006 ஜூலையில் இங்கிலாந்தின் டிட்வொர்த் முகாமில், கொளுத்தும் வெயிலில் தண்டனையாக வாட்டியதில் உடல் சூடேறி ஓர் இளம் சிப்பாய் இறந்தேபோனார். அங்கேயே அப்படி என்றால் நம் சேலத்துச் சித்திரை வெயிலை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. நம் ராணுவ ஆள்சேர்ப்பில் அரிசி மூட்டையை யாரும் தூக்கச் சொல்வதில்லை. 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 'பீம்' என்று பையன்கள் சொல்கிற கம்பியில் தொங்கி எழும்புவது, 9 அடிப் பள்ளம் தாண்டுவது, குறுகலான கட்டைமேல் விழாமல் நடப்பது, அவ்வளவுதான். 400 மீட்டர் டிராக் கிடைத்தால் 4 சுற்று, கையில் ஸ்டாப்வாட்ச். இப்போதைக்கு அவனுக்கு அது போதும். அரிசியை டப்பாவில் கொட்டிவிடுங்கள். மலை ஆசை விடவில்லை என்றால் வாரம் ஒருநாள் முதுகில் பாரமில்லாமல், வெளிச்சம் வந்த பிறகு போகட்டும், கொண்டை ஊசி வளைவில் இருட்டில் நடப்பவனை லாரிக்காரர் எங்கே பார்க்கப்போகிறார். இறங்கும்போது ஓடினால் முழங்காலுக்குத்தான் கேடு. திரும்பி வர பஸ் இருக்கிறது.