மருத்துவம் படிக்காத நோயாளி, தன் நோயைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து எதை நம்பலாம் என்று எப்படி முடிவு செய்வது?

நானும் மருத்துவம் படித்தவன் இல்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவன். கொழுப்பு கூடிப்போய் டாக்டர் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். போடலாமா வேண்டாமா என்று ராத்திரி பகலாகத் தேடிப் படித்ததில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் என் அசட்டுத்தனம். அப்போது கண்ணில் பட்டது 2008-இல் வெளியான ஜூபிட்டர் என்ற ஆய்வு. ரொசுவாஸ்டாட்டின் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 44 சதவீதம் குறைக்கிறது என்று செய்திகளில் போட்டிருந்தார்கள். நூறு பேர் போட்டால் 44 பேர் தப்பிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் எல்லாரிடமும் சொல்லியும் விட்டேன்.

பிறகு ஒருநாள் கட்டுரையைத் திறந்து, வார்த்தைகளை விட்டுவிட்டு அட்டவணைகளை மட்டும் பார்த்தேன். மொத்தம் 17,802 பேர். 8,901 பேருக்கு மாத்திரை, மீதி 8,901 பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. போலி மாத்திரை போட்டவர்களில் 251 பேருக்குப் பாதிப்பு, மருந்து போட்டவர்களில் 142 பேருக்கு. 251 இருந்த இடத்தில் 142 என்றால் 44 சதவீதம் என்பது பொய்யில்லைதான். ஆனால் நூறு பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். மருந்து போடாத நூறு பேரில் 2.8 பேர், போட்டவர்களில் 1.6 பேர். சுமார் இரண்டு வருடத்தில் நூற்றுக்கு ஒன்றேகால் பேருக்குப் பலன். மற்றவர்களில் 97 பேருக்கு மாத்திரை போடாவிட்டாலும் அந்த இரண்டு வருடத்தில் ஒன்றும் வந்திருக்காது.

இது மாத்திரையைக் குறை சொல்வதற்காக இல்லை. நூற்றுக்கு ஒன்று என்பது கோடிக்கணக்கானவர்களுக்குக் கொடுக்கும்போது சின்ன விஷயமே அல்ல. ஆனால் போடப்போவது நான். எனக்குத் தேவையானது அந்த இரண்டாவது கணக்கு. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் இப்போது முதலில் ஒரு காகிதத்தில் நான்கு எண்களை எழுதிக்கொள்கிறேன்: மருந்து போட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு வந்தது, போடாதவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு வந்தது. இந்த நான்கும் கட்டுரையில் கிடைக்கவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அதே காகிதத்தில் கெடுதலையும் எழுத வேண்டும், அதே அளவுகோலில். ஜூபிட்டரில் புதிதாகச் சர்க்கரை நோய் வந்ததாக டாக்டர்கள் தெரிவித்தது மருந்து போட்டவர்களில் 270 பேருக்கு, போடாதவர்களில் 216 பேருக்கு. அதாவது 109 பேருக்கு நல்லது, 54 பேருக்குக் கூடுதலாகச் சர்க்கரை. பலனை மட்டும் சதவீதத்தில் பெரிதாகச் சொல்லிவிட்டுக் கெடுதலை ஒரு வரியில் தாண்டிப்போகிறவர்கள் நிறைய. மாரடைப்பும் சர்க்கரையும் ஒரே எடையா என்பது வேறு கேள்வி. எனக்கு இல்லை. உங்களுக்கு எப்படியோ.

'பாதிப்பு' என்று ஒரே வார்த்தையில் சொன்னேன் அல்லவா, அங்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், இதயம் சார்ந்த மரணம், நெஞ்சுவலியால் ஆஸ்பத்திரியில் சேர்த்தது, ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கச் செய்த சிகிச்சை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிய எண்ணிக்கை அது. இப்படிக் கட்டுவது வழக்கம்தான், தப்பில்லை. ஆனால் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றும் எத்தனை என்று பார்க்காமல் விடாதீர்கள். சில ஆய்வுகளில் மூட்டையின் கனமெல்லாம் லேசான சமாச்சாரத்தால் வந்திருக்கும்.

எதை அளந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். இதை எனக்கு மண்டையில் அடித்துச் சொன்னது காஸ்ட் என்ற பழைய ஆய்வு. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஆபத்து என்று தெரியும். அதைச் சீராக்கும் மாத்திரைகள் இருந்தன. ஈசிஜியில் துடிப்பு அழகாகச் சீரானது. அப்படியானால் உயிரும் காக்கும் என்று நம்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற இரண்டையும் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்து போட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். போலி மாத்திரை போட்ட 743 பேரில் 26 பேர். 1991-இல் வெளியான கணக்கு இது. ஈசிஜி நன்றாக இருந்தது, ஆள்தான் இல்லை. அதிலிருந்து, ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஒரு அளவு இறங்கியது என்று மட்டும் சொல்லும் ஆய்வைக் கண்டால், 'சரி, நோயாளி எப்படி இருந்தார்?' என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அடுத்தது, யாருக்கு மருந்து என்று யார் முடிவு செய்தது? மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை போட்டால் இதய நோய் குறைகிறது என்று பல கவனிப்பு ஆய்வுகள் சொல்லிவந்தன. போட்டவர்களையும் போடாதவர்களையும் வெறுமனே கவனித்து எழுதியவை அவை. ஆனால் தானாக முன்வந்து அந்த மாத்திரை போட்டவர்கள் பொதுவாக வசதியானவர்கள், உடம்பை நன்றாகக் கவனித்துக்கொள்கிறவர்கள். 2002-இல் 16,608 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை போட்டவர்களுக்கு இதய நோய் 29 சதவீதம் அதிகம். (இதையும் வகுத்துப் பார்த்துவிடுங்கள்: ஒரு வருடத்தில் 10,000 பெண்களுக்கு 7 பேர் கூடுதல். பயமுறுத்தவும் அதே சதவீத வித்தைதான்.) கவனிப்பு ஆய்வு குப்பை என்று சொல்லவில்லை. புகையிலை புற்றுநோய் தரும் என்று கண்டுபிடித்ததே அந்த வழியில்தான். குலுக்கிப் பிரிக்காத ஆய்வில் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும், அவ்வளவுதான்.

'மொத்தத்தில் பலனில்லை, ஆனால் 60 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் அபாரமான பலன்' என்ற மாதிரி வரியைப் பார்த்தால் சிரித்துக்கொள்ளுங்கள். 1988-இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று 17,187 பேரை வைத்துத் தெளிவாகக் காட்டினார்கள். கூடவே, எல்லாரையும் பிறந்த ராசிப்படியும் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் ஆகவில்லை! கூறுபோட்டுக்கொண்டே போனால் இப்படி ஏதாவது அகப்படும் என்று காட்டத்தான் அதைச் செய்தார்கள். நம் ஜோசியர்கள் கண்ணில் இது இன்னும் படவில்லை என்று நினைக்கிறேன்.

பி மதிப்பு (மருந்தால் ஒன்றுமே ஆகாதென்றாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்) பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். அதன் பக்கத்தில் '95 சதவீத இடைவெளி' என்று இரண்டு எண்கள் இருக்கும், அதைப் பாருங்கள். ஜூபிட்டரில் 44 என்றது உண்மையில் 31-க்கும் 54-க்கும் நடுவில் எங்கேயோ. இடைவெளி அகலமாக இருந்தால் அவர்களுக்கே உறுதியில்லை என்று அர்த்தம்.

வெளிவராத ஆய்வுகளைத்தான் நம்மால் படிக்க முடியாது. மனச்சோர்வு நோய்க்கான மருந்துகள் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-விடம் பதிவான 74 ஆய்வுகளை 2008-இல் சிலர் சரிபார்த்தார்கள். சாதகமாக முடிந்த 38-இல் 37 அச்சில் வந்துவிட்டன. மீதி 36-இல் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகம்போல எழுதப்பட்டன, 3 மட்டும் உள்ளது உள்ளபடி. அதனால் ஒற்றைக் கட்டுரையைப் பிடித்துத் தொங்காமல் காக்ரேன் அமைப்பு வெளியிடுவது போன்ற, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் தொகுப்பாய்வு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஆய்வின் பதிவு எண் கட்டுரையில் இருக்கும். அதை ஆய்வுகளைப் பதிவு செய்யும் இணையதளத்தில் போட்டு, ஆரம்பத்தில் எதை அளப்பதாகச் சொன்னார்கள், முடிவில் எதை அளந்து காட்டுகிறார்கள் என்று ஒப்பிடலாம்.

என் கதைக்கு வருகிறேன். நான்கு எண்கள் எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். மாத்திரையை நானாக நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். அவர் காகிதத்தைப் பொறுமையாகப் பார்த்தார். "கணக்கெல்லாம் சரி சார். இந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்று பார்த்தீர்களா?" என்றார். பார்க்கவில்லை. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 130-க்குக் கீழே இருந்து, உடம்பில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்த அளவு மட்டும் கூடியிருந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு அது. என் எல்டிஎல் 178. சிஆர்பி எனக்கு எடுத்ததே இல்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தது என்னைப் பற்றிய ஆய்வே அல்ல. அது முதல் அட்டவணையிலேயே இருந்தது, நான்தான் அதைத் தாண்டி மூன்றாவதுக்கு ஓடியிருக்கிறேன்.