“அவளைப் பற்றிப் பேசினாலே அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கிறது”

கேள்வி: எனக்கு வயது 31. சென்னையில் வேலை. அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். அப்பா தவறியபோது எனக்கு 9 வயது. 3 வருடமாக ஒரு பெண்ணைக் காதலிக்கிறேன். அதைச் சொன்ன நாளிலிருந்து அம்மா தினமும் பத்துப் பன்னிரண்டு தடவை போன் செய்கிறார். கல்யாணப் பேச்சை எடுத்தால் நெஞ்சு வலி என்கிறார், சாப்பிட மறுக்கிறார். முன்பு ஒரு காதல் இப்படித்தான் முறிந்தது. அம்மாவை நோகடிக்காமல் இதை முடிக்க வழி உண்டா?

பதில்: அம்மா வருத்தமே படாத வழி இல்லை. அப்படி ஒரு வழியைத் தேடிக்கொண்டே இருந்தால் இந்தக் காதலும் கைவிட்டுப் போகும். அவர் அழும்போது பக்கத்தில் அன்பாக இருக்கவும், முடிவை மாற்றாமல் இருக்கவும் பழகுவதுதான் உங்கள் வேலை.

“இனிமே எனக்கு எல்லாம் நீதான்டா” என்று கேட்டு வளரும் பிள்ளை, அப்பா இருந்த இடத்தைத் தன்னையறியாமல் நிரப்பத் தொடங்குகிறான். அம்மா முகம் வாடினால் தன் தப்பு என்றே நினைக்கிறான். மகன் ஒரு பெண்ணைக் காட்டும்போது, அந்த அம்மாவுக்கு இரண்டாம் முறையும் துணையை இழப்பதுபோல் இருக்கிறது. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அதைப் போக்கும் பொறுப்பை உங்கள் காதலியின் தலையில் வைக்க முடியாது.

குடும்பச் சிகிச்சை முன்னோடியான மர்ரே போவன் இதை முக்கோணம் என்றார்: இருவருக்குள் பதற்றம் தாங்காதபோது மூன்றாமவரை உள்ளே இழுப்பது. அம்மாவிடம் “அவ அவசரப்படுத்துறா”, காதலியிடம் “அம்மா ஒத்துக்கலை” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நீங்கள் தப்பித்து, அவர்கள் இருவரும் எதிரிகளாகிறார்கள். இனி “இது என் முடிவு” என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்து போன். ஓட்டல் மேசையில் கவிழ்த்து வைத்த போன் அதிர்கிறது. பேச்சின் நடுவே உங்கள் கண் அங்கே போய் வருகிறது. எதிரே இருப்பவர் தன் இடம் எது என்று கணக்குப் போடுவது அந்த நொடியில்தான். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: “தினமும் ராத்திரி எட்டரைக்கு நானே கூப்பிடறேன்மா. அவசரம்னா வாட்ஸ்அப்ல பேசி அனுப்பு.” 20 நிமிடம் முழு மனதோடு பேசுங்கள், ஒரு நாளும் தவறாதீர்கள். முதல் சில வாரம் அழைப்புகள் குறையாது, கூடும். இதுவரை பலித்தது பலிக்காமல் போனால் யாரும் முதலில் வேகத்தைக் கூட்டத்தான் செய்வார்கள். பதினைந்தாவது அழைப்பில் எடுத்துவிட்டால், பதினைந்து தடவை அடித்தால் எடுப்பான் என்று பழகிவிடும்.

நெஞ்சு வலியை நடிப்பு என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பதற்றத்திலும் நெஞ்சு நிஜமாகவே வலிக்கும். இதய நோயாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டி ஈசிஜி, பிபி, சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கல்யாணத் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். “செத்துடுவேன்” என்றால் அதையும் நம்பி, சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

முடிவைச் சொல்ல ஊருக்கே போங்கள். சித்தி, மாமா யாரும் கூட வேண்டாம். “இவளைத்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்மா. உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது. நான் மாசாமாசம் வர்றதும் பணம் அனுப்பறதும் மாறாது.” சம்மதமா என்று கேட்காதீர்கள், கேட்டால், அவர் மறுத்த பின் மீற வேண்டிவரும், அது இருவருக்கும் அதிகமாக வலிக்கும்.

இந்த வாக்குறுதியை அம்மாவிடம் கொடுப்பதற்கு முன்பே காதலியிடம் பேசிவிடுங்கள்: மாதம் எவ்வளவு பணம், எத்தனை நாள் கும்பகோணம், அம்மாவுக்கு முடியாமல் போனால் அவர் யார் வீட்டில் இருப்பார். கடைசிக் கேள்விக்கு உங்கள் மனதில் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தால், அதை இந்த வாரமே காதலியிடம் சொல்லுங்கள்.