600 மீட்டருக்கு 80 கிலோமீட்டர் மாட்யூலா?

கேள்வி: எங்கள் பனியன் யூனிட்டில் தையல் கட்டடத்துக்கும் ஆபீசுக்கும் நடுவே 600 மீட்டர் சிங்கிள் மோடு ஃபைபர் (நெடுந்தூர வகை) ஓடுகிறது. ஃபைபரை ஸ்விட்சில் இணைக்கும் எஸ்எஃப்பி மாட்யூல் 10 கி.மீ. வகையில் கேட்டால், "80 கி.மீ. போடுங்க சார், பவர் ஜாஸ்தி, லிங்க் விழவே விழாது" என்கிறார் கடைக்காரர். விலையோ பல மடங்கு. வாங்கலாமா? — திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். பவர் ஜாஸ்திதான், சிக்கலே அதுதான். 1 கிகாபிட் 80 கி.மீ. மாட்யூல் பொதுவாக 0 முதல் +5 டிபிஎம் (ஒளி பலத்தின் அளவு, மைனஸ் ஏற ஏறப் பலம் குறைவு) வரை ஒளியைத் தள்ளும். எதிர்முனை ரிசீவர் தாங்குவது -3 டிபிஎம் அளவுக்குத்தான். 600 மீட்டரில் குறைவது 0.2 டிபி (ஒளி இழப்பின் அலகு) கூட இல்லை. கனெக்டர்களில் 1 டிபி போகலாம். மிச்சம் முழுக்க ரிசீவரில் விழும். பாக்கெட் பிழை ஏறும், லிங்க் ஆடும், ரிசீவரே கருகவும் கூடும். ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் போட்டு அடக்கலாம்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பவரைக் குறைக்க இன்னொரு காசா?

நீங்கள் கேட்ட 10 கி.மீ. மாட்யூல் (எல்எக்ஸ் வகை) குறைந்தது -9.5 டிபிஎம் அனுப்பும். ரிசீவர் -19 வரை படிக்கும். உங்கள் தூரத்துக்கு எப்படிக் கணக்குப் போட்டாலும் 8 டிபி கையிருப்பு நிற்கும். ஒரே ஒரு ஃபைபர் இழைதான் மிச்சம் என்றால், ஒரே இழையில் இருபக்கமும் ஒளி அனுப்பும் பைடை ஜோடி வாங்குங்கள்: ஒருமுனை 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் அனுப்பி 1550-இல் வாங்கினால், மறுமுனை அதற்கு நேர்மாறாக இருக்கவேண்டும். ஒரே மாதிரி இரண்டைச் செருகினால் லிங்க் வராது. சில ஸ்விட்சுகள் வேறு பிராண்டு மாட்யூலை ஏற்பதில்லை. அதனால் ஸ்விட்ச் மாடலைச் சொல்லியே வாங்குங்கள், ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மாட்யூல் தன் ஒளி பலத்தைத் தானே அளந்து சொல்லும் டிடிஎம் வசதி உள்ளதா என்றும் கேளுங்கள். இருந்தால், அதைக் காட்டும் ஸ்விட்சில் ரிசீவ் பவரை அங்கேயே பார்க்கலாம்.

மிஞ்சிய காசில் ஃபைபர் முனையைத் துடைக்கும் 1.25 மி.மீ. ஒன்-கிளிக் கிளீனர் ஒன்று வாங்கிவிடுங்கள். உங்கள் எல்சி கனெக்டருக்கு அந்த அளவுதான். லிங்க் விழும்போது பழி மாட்யூல் மேல் விழுகிறது. பாதி நேரம் குற்றவாளி பஞ்சுத் தூசி. ஒளி போகும் கோர் 9 மைக்ரான்தான், ஒரு துகள் போதும் மறைக்க. ஒவ்வொரு முறை செருகும் முன்பும், புது பேட்ச் கார்டாகவே (இருமுனையும் கனெக்டர் உள்ள ஃபைபர் வயர்) இருந்தாலும், தூசி மூடியைக் கழற்றி, கிளீனரை முனையில் பொருத்தி 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் 99% ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, இழை உதிராத துணியால் துடைத்து, உடனே உலர்ந்த பகுதியால் இன்னொரு துடைப்பு. வாயால் ஊதுவது, சட்டை நுனி, சானிடைசர் எதுவும் கூடாது. ஒளி ஓடும் ஃபைபருக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

கேள்வி: வீட்டு ஃபைபர் மோடத்துக்கு ஆன்லைனில் வாங்கிய நீலமுனை பேட்ச் கார்டைப் போட்டதும் எல்ஓஎஸ் விளக்கு (ஒளி வரவில்லை என்பதைக் காட்டுவது) சிவப்பாக எரிகிறது. கார்டு டூப்ளிகேட்டா?

பதில்: கார்டு நல்லதாகவே இருக்கலாம். பச்சைமுனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலத்தில் அந்தச் சாய்வு இல்லை. பச்சைத் துளையில் நீலமுனையைச் செருகினால் பொருந்தும், உள்ளே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும், முகப்பும் கீறிப்போகலாம். சுவர்ப் பெட்டி பச்சை, மோடம் நீலம் என்பதும் உண்டு. இரண்டு துளையின் நிறத்தையும் பார்த்து, அதற்கேற்ற கார்டாக மாற்றிக் கேளுங்கள்.