கோட்டையில் தண்ணீர் எங்கே? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் உங்கள் நண்பரும் பைக்கில் மலைக்கோட்டைகளுக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என்னோடு வேலை பார்க்கும் நண்பனும் திண்டுக்கல் கோட்டைக்குப் போனோம். என்னுடைய பழைய ஸ்ப்ளெண்டர்தான். பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேலே ஏறினோம், போட்டோ எடுத்தோம், பன்னிரண்டரைக்கெல்லாம் கீழே வந்து பிரியாணிக் கடையில் உட்கார்ந்துவிட்டோம்.

உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான் அண்ணே. மேலே ஒன்றுமே இல்லை. நாலு சுவர், கூரை போன கட்டடங்கள், குடோன் மாதிரி ஒன்று, சாமி இல்லாத கோயில், பச்சைத் தண்ணீர் தேங்கிய குட்டை. சுவர் முழுக்க ஜோடிப் பெயர்கள். "இதுக்கா பெட்ரோல் போட்டு வந்தோம், மகாலுக்குப் போயிருந்தா தூணையாவது பாத்திருக்கலாம்" என்று நண்பன் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான்.

இருந்தாலும் விட மனசில்லை. பொங்கல் லீவில் மூன்று நாள் கிடைக்கிறது. திருமயம், நாமக்கல், சங்ககிரி, செஞ்சி நான்கையும் ஒரே சுற்றில் முடித்துவிடலாம் என்று திட்டம். முடியுமா? பைக்கே போதுமா, கார் எடுக்கட்டுமா? அப்புறம், அங்கெல்லாம் எதைத்தான் பார்ப்பது?

ச., திருநகர், மதுரை

*

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் திட்டியதில் நியாயம் இருக்கிறது. மகாலைப் பார்த்து வளர்ந்த கண் எங்கே போனாலும் தூணைத் தேடும். மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. ஆனால் மகாலைக் கட்டிய அதே திருமலை நாயக்கர்தான் திண்டுக்கல் கோட்டையையும் பலப்படுத்தினார். முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் தொடங்கிவைத்த வேலை அது. கையில் காசு இல்லாமலோ ஆள் இல்லாமலோ மலையை அவர் மொட்டையாக விட்டுவிடவில்லை. மலைக்கோட்டையில் பாதி வேலையைப் பாறையே செய்துவிடும், மீதிக்குத்தான் கொத்தனார் வேண்டும். அடுத்த முறை சுவரைச் சும்மா பார்க்காமல், அது எந்தப் பக்கம் தடித்து உயர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் பேருக்கு நிற்கிறது என்று பாருங்கள். ஆள் ஏறிவர முடிகிற சரிவு எது என்று கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் 'குட்டை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, அது மழைத்தண்ணீர் சேர்கிற பாறைச் சுனை. என்னைக் கேட்டால் அங்கேதான் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

என்னோடு வந்த நண்பன் போர்வெல் வண்டியில் சூப்பர்வைசர். வரலாற்றுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எந்த மலைமேல் ஏறினாலும் மூச்சு வாங்கி முடித்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "சரிடா, தண்ணிக்கு என்ன பண்ணுனாய்ங்க?" திண்டுக்கல்லிலும் அதையேதான் கேட்டான். அந்தப் பாறையில் போர் போட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சுனைக்குப் பக்கத்தில் போய், பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைப் பாறைமேல் மெதுவாகச் சரித்தான். அது நேராக ஓடவில்லை. ஒரு சின்ன மேட்டைச் சுற்றிக்கொண்டு வளைந்து, ஒரு வெடிப்பில் இறங்கி, அப்படியே சுனைக்குள் போனது. நாலடி தள்ளிப்போய் மறுபடி ஊற்றினான். அங்கிருந்தும் சுனைக்கே வந்தது. "மொட்டை மாடித் தண்ணிய சம்ப்புக்கு எறக்குற கணக்குதான்" என்றான். பிறகு ஒரு குச்சியைத் தேடி எடுத்து ஆழம் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அன்றைக்கு மத்தியானம் வரை எங்களுக்கு வேறு வேலையே ஓடவில்லை.

அந்தக் கேள்வியை விட நல்ல வழிகாட்டி எனக்குக் கிடைத்ததில்லை. மலைமேல் இருக்கிற ஒரு படையை மடக்க, கீழே இருப்பவன் சுவரை உடைக்க வேண்டும் என்பதில்லை. சுற்றி வளைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். மேலே தானியம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதுதான் சண்டை. ஆகவே முதலில் சுனையைத் தேடுங்கள், பிறகு நெல் சேர்த்த இடம், பிறகு வெடிமருந்து வைத்த இடம். நீங்கள் குடோன் என்று சொன்னீர்களே, அதுதான் மருந்துக் கிடங்கு. சூடும் ஈரமும் அண்டாமல் இருக்க இரட்டைச் சுவர் வைத்து, காற்றுக்கு வழி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். வெயில் நேரத்தில் ஒரு கையை வெளிச்சுவரிலும் பிறகு உள்சுவரிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சாமி இல்லாத கோயிலைப் பற்றி ஊரில் சொல்வது, அம்மனும் ஐயனும் கீழே ஊருக்குள் இருக்கிற அபிராமி அம்மன் கோயிலுக்கு இறங்கி வந்துவிட்டார்கள் என்பது. ஜோடிப் பெயர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை, வாயில் நல்ல வார்த்தை வராது.

இனி பைக்கா, காரா என்ற கேள்வி. பைக்தான். காசை மிச்சம் பிடிப்பதற்காகச் சொல்லவில்லை. இந்தக் கோட்டைகளெல்லாம் சாலையைக் காவல் காக்க எழுந்தவை. ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டு கேட்டுக்கொண்டு போனால், கோட்டை வாசலில் இறங்கும்போதுதான் கோட்டையையே பார்ப்பீர்கள். பைக்கில் அப்படி இல்லை. வாடிப்பட்டி தாண்டி, கொடைரோடு தாண்டி நாற்கரச் சாலையில் போகும்போது வலப்பக்கம் சிறுமலை கூடவே வரும். இடப்பக்கம் தூரத்தில் கொடைக்கானல் மலை. நடுவில் சமவெளி. அந்தச் சமவெளியில்தான் திண்டுக்கல் பாறை தனியாக உட்கார்ந்திருக்கிறது. கொங்கு நாட்டிலிருந்தோ மைசூரிலிருந்தோ மதுரைக்கு இறங்குகிற படை இந்த இடைவெளிக்குள் வந்தாக வேண்டும். முகத்தில் காற்று அடிக்க அந்த இடைவெளியைக் கடந்து போனவனுக்கு, நாயக்கர்கள் ஏன் இங்கே கை வைத்தார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மைசூர்க்காரர்களுக்கும் அது புரிந்திருந்தது. ஹைதர் அலி 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக, அதாவது மைசூரின் படைத்தலைவராக வந்தார். சுற்றிலும் இருந்த பாளையக்காரர்களை அடக்கி வரி வாங்குவது அவருக்குக் கொடுத்த வேலை. அதோடு நிற்காமல், பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதப் பட்டறை போட்டார். பின்னாளில் மைசூரையே கையில் எடுத்துக்கொண்ட ஆள் தனக்கென்று ஒரு படையைச் சேர்த்தது நீங்கள் பிரியாணி சாப்பிட்ட ஊரில்தான். கோட்டை 1790இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் திண்டுக்கல் சீமையையே எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு தூரம் போய்த்தான் கோட்டை பார்க்க வேண்டுமா, நம் ஊரில் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள், அதாவது மதிலிலிருந்து துருத்தி நிற்கும் காவல் மேடைகள். கலெக்டர் பிளாக்பர்ன் 1840 வாக்கில் அதை இடிக்கச் செய்தார். இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடத்தையே கொடுத்தார்கள், ஜனங்கள் சந்தோஷமாக இடித்தார்கள். நீங்கள் தினமும் வண்டி ஓட்டுகிற வெளி வீதிகள் அப்படி வந்தவைதான். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையை நடத்தியவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தரையில் இருந்த கோட்டையை ஊர் தின்றுவிட்டது. மலைமேல் இருந்தவை தப்பியதற்குக் காரணம் நம்முடைய பக்தியோ அக்கறையோ அல்ல. அங்கே போய் வீடு கட்ட யாருக்கும் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். முதலில் செஞ்சியை வெட்டுங்கள். மதுரையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய கோட்டை. முகலாயர் படை 1690இல் முற்றுகை போட்டு 1698இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. நீங்கள் அதை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தால் எப்படி? யுனெஸ்கோ 2025இல் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து போனது செஞ்சி ஒன்றுதான். அதற்குத் தனியாக லீவு போடுங்கள்.

மற்ற மூன்றையும் ஒரு வட்டமாகப் போகலாம். விடியற்காலையில் கிளம்பி ஒத்தக்கடை, மேலூர், திருப்பத்தூர் வழியாகத் திருமயம். மேலூர் தாண்டிக் கீழவளவுப் பக்கம் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். சமணர்கள் படுத்த கற்படுக்கையும் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தும் உள்ள பாறை ஒருபக்கம், கிரானைட்டுக்காகக் கேக் வெட்டியதுபோல் வெட்டி எடுத்த மலைகள் ஒருபக்கம். கோட்டை பார்க்கப் போகிறவன் இதையும் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

திருமயம் கோட்டையைக் கிழவன் சேதுபதி 1687இல் கட்டினார். ஏறுவது எளிது, உங்கள் நண்பருக்குக் கோபம் வராது. கோட்டைக் கதவு திறக்கிற வரை கீழே பெருமாளையும் சிவனையும் கும்பிடுங்கள். ஒரே பாறையின் அடிவாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குடைவரைக் கோயில்கள், கோட்டைக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. மேலே போகும் வழியிலும் பாறையைக் குடைந்து ஒரு லிங்கம் உண்டு. உச்சியில் பீரங்கி இருக்கிறது, போட்டோவுக்கு ஆகும். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இங்கே ஒளிந்திருந்தார் என்பது ஊர் வழக்கு. அதனால் ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். மறக்காமல் தண்ணீரைத் தேடுங்கள்.

அங்கிருந்து புதுக்கோட்டை, திருச்சி, பிறகு முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல். காவிரிக் கரையோரம் வாழைத் தோப்புகள் வரும். இந்தச் சுற்றிலேயே ஓட்டுவதற்குச் சுகமான பகுதி அதுதான். நாமக்கல் பாறை ஊர் நடுவில் இருக்கிறது, சாயங்காலமே ஏறி இறங்கிவிடலாம். ராத்திரி அங்கேயே தங்குங்கள்.

மறுநாள் திருச்செங்கோடு வழியாகச் சங்ககிரி. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏறுவது நாமக்கல் மாதிரி இல்லை, அரை நாளை விழுங்கும். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். தீரன் சின்னமலையை 1805இல் ஆங்கிலேயர் தூக்கிலிட்டது இங்கேதான். ஆடிப்பெருக்கன்று அவர் நினைவாகக் கூட்டம் திரளும். மலைமேல் அடுக்கடுக்காகச் சுவர்கள், ஒன்றைத் தாண்டினால் இன்னொரு வாசல். ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் நின்று, பாதை நேராக வருகிறதா, திரும்பி வருகிறதா என்று பாருங்கள். நேரான பாதையில்தான் யானை ஓடிவந்து கதவை முட்டும். திருப்பம் வைத்துவிட்டால் வேகம் போய்விடும், மேலே நிற்பவன் கல்லை உருட்டுவான்.

திரும்பும்போது கரூர் வழியாக வந்து திண்டுக்கல்லில் தங்கி, மூன்றாம் நாள் காலையில் அதே கோட்டைக்கு மறுபடி ஏறுங்கள். கதவு திறந்ததும் ஏறிவிடுவது நல்லது, பத்து மணிக்குமேல் அந்தப் பாறை கால் வைக்க விடாது. போன தடவை நீங்கள் ஏறிய நேரம்தான் தப்பு.

ஸ்ப்ளெண்டர் தாராளமாகப் போதும். செயினையும் பின் டயரையும் மட்டும் கிளம்புவதற்கு முதல் நாளே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். நாமக்கல், சங்ககிரி இரண்டும் லாரிக்காரர்களின் ஊர், இருட்டிய பிறகு அந்தச் சாலைகளில் ஓட்ட வேண்டாம். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும். காணும் பொங்கலன்று மட்டும் எந்தக் கோட்டைப் பக்கமும் போகாதீர்கள், ஊரே மேலே இருக்கும். முடிந்தால் லீவை அதற்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.