பழைய டீசல் பிக்கப் வாங்கும் முன்: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணே, 2013 டொயோட்டா ஹைலக்ஸ் 3.0 ஒன்று விலைக்கு வந்திருக்கு. மீட்டர் 140,000 கிலோமீட்டர் காட்டுது. நம்பலாமா?

பதில்: மீட்டரை விடுங்க தம்பி, அதைத் திருப்புவது சுலபம். பிரேக் பெடல் ரப்பரும் டிரைவர் சீட்டின் ஓரமும் தேய்ந்து போயிருந்தால், உண்மையான ஓட்டம் இதைவிட அதிகம்.

இந்த ஹைலக்ஸின் 1கேடி இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர். அது கசிந்தால் எரிந்த வாயு மேல் மூடிக்குள் புகுந்து ஆயிலைக் கரியாக்கும். அந்தக் கரி கீழே இறங்கி, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். பிறகு ஆயில் பிரஷர் விழும், டர்போவும் பேரிங்கும் போகும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே விலை பேசி முடிப்பதற்குள் போமெனை (மெக்கானிக்கை) வைத்து, இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றிச் சல்லடையைப் பாருங்க. விற்பவர் மறுத்தால் வேறு வண்டி தேடுங்க. சல்லடை சுத்தமாக இருந்தாலும், வாங்கியவுடன் நாலு வாஷரையும் புதுசாகப் போடுங்க.

இன்னொன்று: "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்க. இன்ஜின் சூடாக இருந்தால், குளிரில் வரும் தட்டுச் சத்தமும் வெள்ளைப் புகையும் மறைந்துவிடும். கையை வைத்துச் சூடு பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்க.

கேள்வி: மிட்சுபிஷி டிரைட்டன் 2.5 மலிவாகக் கிடைக்குது. எதுக்கு இவ்வளவு மலிவு?

பதில்: அதில் இருக்கும் 4டி56 இன்ஜின் டைமிங் பெல்ட்டில் ஓடுவது. 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றணும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், ராக்கர் உடையும். அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்குத் தனியாக ஒரு சின்ன பெல்ட் இருக்கு. அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினாலும் அதே கதி. இரண்டு பெல்ட், டென்ஷனர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்க. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்க.

கேள்வி: இசுசு டி-மேக்ஸ் சும்மா நிற்கும்போது (ஐடிலில்) இன்ஜின் வேகம் ஏறி இறங்குது. டீசல் பம்பையே மாத்தணும்னு பட்டறையில் சொல்றாங்க.

பதில்: அவசரப்படாதீங்க. டீசல் பில்டரை மாற்றிப் பாருங்க. சரியாகாவிட்டால், பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கண்ட்ரோல் வால்வை மாற்றுங்க. முழுப் பம்பை விட அது பல மடங்கு மலிவு. நம் டீசலில் பாமாயில் பயோடீசல் கலந்திருக்கு. அது ஈரத்தை இழுக்கும், பழைய டாங்க் அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். பில்டர் அடியில் தேங்கும் தண்ணீரை மாதம் ஒருமுறை திறந்து விடுங்க.

கேள்வி: ஃபோர்டு ரேஞ்சர் 3.2 எப்படி?

பதில்: இழுவை அருமை. ஆனால் ஆயில் மாற்றும்போது வடிய விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் காலியாக இருந்தால் ஆயில் பம்ப் உறிஞ்சும் சக்தியை இழக்கலாம். அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜின் போய்விடும்.

கேள்வி: தோட்டத்தில் உரம் ஏற்றிய வண்டி ஒன்று, வெளியே பளபளன்னு இருக்கு ஐயா.

பதில்: செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு, இரும்பை அரிக்கும். பெட்டியிலிருந்து மழைநீரோடு வடிந்து சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) குழாய்க்குள் தங்கும். சேஸிஸை, முக்கியமாகக் கேபினுக்குப் பின்னால் இருக்கும் பகுதியையும் ஸ்பிரிங் கொக்கிகளையும், சுத்தியலால் மெல்லத் தட்டுங்க. மந்தமான சத்தம் வந்தாலோ புதுக் கறுப்புப் பெயின்ட் இருந்தாலோ விட்டுவிடுங்க. இன்ஜினை மாற்றலாம், அரித்த சேஸிஸை யாரும் சரியாக ஒட்டித் தர முடியாது. பின் ஸ்பிரிங் நேராகத் தட்டையாகியிருந்தால், செம்பனைக் குலையை அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: வண்டிச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் பி5 சோதனை பாஸ் ஆயிடுச்சாம் அண்ணே. அது போதாதா?

பதில்: போதாது. அது பெயர் மாற்றத்துக்கான சோதனை, இன்ஜின் தேய்மானத்தை அளப்பதில்லை. நீங்களே கிராண்டில் (வண்டிப் பதிவுச் சான்றில்) உள்ள சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியோடு ஒப்பிடுங்க. பிறகு மண் சாலைக்குக் கொண்டுபோய் 4 லோவில் (நாலு சக்கரமும் இழுக்கும் குறைவேக கியரில்) போட்டு ஓட்டிப் பாருங்க. தார் சாலையில் போட்டுத் திருப்பாதீங்க, கியர்பாக்ஸ் இறுகிக்கொள்ளும்.